கோபர் கேஸ் கலனால் ஆகாதது

கோரிப்பாளையம், மதுரை.



மாட்டுத் தொழுவத்தைக் கழுவிவிட்ட நீரில் கண்ணுக்குத் தெரிவது சாணி. கண்மாயைக் கெடுப்பது அதில் கரைந்திருக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). கோபர் கேஸ் கலனில் விட்டால் அந்த நீர் சுத்தமாகிவிடும் என்று படித்தவர்களே சொல்வது எரிச்சலூட்டும் பிழை. கலனிலிருந்து எரிவாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரிமம்தான். சாணியிலும் கோமியத்திலும் வந்த நைட்ரஜன் ஏறத்தாழ முழுவதும், பெரும்பங்கு அமோனியமாக, மறுவாயில் வரும் குழம்பில் (சிலரி) வந்துவிடும். சிலரி நல்ல உரமாவது அதனால்தான். வாய்க்காலுக்கு அது ஆகாததும் அதனால்தான்.

நைட்ரஜனை நீக்க இரண்டு கூட்டத்து நுண்ணுயிர்கள் வேண்டும். காற்றூட்டும் தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியத்தை நைட்ரைட்டாக்கும். வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். ஒரு கிராம் அமோனிய நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். கரண்ட் பில் ஏறுவது இங்கேதான். நீரின் காரத்தன்மையும் குறையும். கவனிக்காவிட்டால் அமிலம் ஏறி வேலை நின்றுவிடும். அடுத்த தொட்டியில் காற்று கூடாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். இழந்த காரத்தன்மையில் பாதி திரும்பிவரும். ஆனால் அவற்றுக்குத் தீனி கரிமம். கரிமத்தையெல்லாம் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, நைட்ரேட் போகவில்லையே என்று கையைப் பிசைந்து பயனில்லை. தொழுவ நீரில் ஒரு பங்கைக் கலனுக்கு அனுப்பாமல் நேரே இந்தத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

மணிச்சத்து இப்படி வாயுவாகப் போகாது. நுண்ணுயிரின் உடலில் ஏற்றிக் கசடாகத்தான் அள்ள வேண்டும். 1959இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை மூவரும், சாக்கடை நீரில் காற்றூட்டிய கசடு பாஸ்பரஸை வேகமாக உறிஞ்சுவதைப் பதிவுசெய்தார்கள். 1970களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்டின் பணிக்குப் பிறகு இது தொட்டி வடிவமைப்பாக வளர்ந்தது. பெங்களூர்க் கட்டுரையை ஒரு வரியில் கடந்துவிடும் நூல்கள் பர்னார்டுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குவது நியாயமல்ல. சூட்சுமம் தொட்டிகளின் வரிசையில் இருக்கிறது. காற்றும் நைட்ரேட்டும் இல்லாத இடத்தில், பாஸ்பரஸை உறிஞ்சும் பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டை வெளியே விட்டு, அந்த ஆற்றலில் கரிம அமிலங்களைச் சேமித்துக்கொள்ளும். பிறகு காற்று கிடைத்ததும், விட்டதைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வரிசை மாறினால் பலன் இல்லை.



இத்தனை தொட்டிகளும் நிலமில்லாத இடத்துக்குத்தான். பக்கத்தில் கோ-4 தீவனப்புல் வளரும் வயல் இருந்தால், தழைச்சத்தைக் காசு கொடுத்துக் காற்றில் விடுவது மடமை. சிலரியை அளவோடு பாய்ச்சினால் போதும். செல்லூர், கோரிப்பாளையம் போன்ற நெருக்கடியான தெருக்களில் மாடு வளர்ப்பவருக்கு அந்த வசதி ஏது? அங்கே சுத்திகரிப்பு தேவைதான். அள்ளிய கசடு மட்டும் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். கரையோரம் கொட்டிவைத்தால் அடுத்த மழையில் மணிச்சத்து மறுபடி கண்மாய்க்கே வரும்.