பழனி மலைக்கு வழிகாட்டி போதும், கூடாரம் வேண்டாம்

ஆப்பிரிக்கக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கும் சஃபாரி வீடியோக்கள் இப்போது எல்லார் கைப்பேசியிலும் ஓடுகின்றன. செம்மணல் மேடு, மறையும் சூரியன், நெருப்பைச் சுற்றி நாலைந்து மடக்கு நாற்காலிகள், தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி. பார்த்தவர்கள் விமானச் செலவைக் கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட்டபின் கேட்கிற அடுத்த கேள்வி, "கொடைக்கானலில் இந்த மாதிரி ஏதாவது உண்டா?" என்பதுதான். உண்டு என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். மலையில் நடப்பதில் பிரியம் உள்ளவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் வேறு. பழனி மலைத்தொடரில் வனப் பயணம் போக நல்ல உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் தேவை. கூடாரம் தேவையே இல்லை. பகல் முழுக்க அவரோடு நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊருக்குள் ஒரு கூரையடியில் வந்து படுப்பதுதான் இந்த மலைக்குச் சரிப்படும். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி யோசனையாகத் தெரியலாம். காரணங்களைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

"ஆப்பிரிக்காவில் சிங்கம் திரிகிற இடத்திலேயே கூடாரத்தில் தூங்குகிறார்களே, நமக்கு மட்டும் என்ன?" என்பதுதான் முதலில் வரும் ஆட்சேபம். அங்கே தூங்குகிறவர்கள் எந்த ஏற்பாட்டுக்குள் தூங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1907இல் வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நமீபியாவின் எட்டோஷாவில் ஒக்காகுவேயோ போன்ற பழைய முகாம்களுக்கு வேலி உண்டு. சூரியன் மறையும்போது வாயிற்கதவை மூடிவிடுவார்கள், விடிந்தபிறகுதான் திறப்பார்கள். பகலிலும் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இரவில் காண்டாமிருகம் பார்க்க வேண்டுமென்றால் வேலிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, விளக்கு போட்ட நீர்க்குட்டையைப் பார்க்கலாம். போட்ஸ்வானாவில் வேலி இல்லாத முகாம்கள் இருப்பது உண்மை. அங்கே சாப்பாட்டுப் பொருள் எல்லாம் வண்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். கூடாரத்தின் ஜிப்பை இழுத்துவிட்டால் விடியும்வரை வெளியே கால் வைக்கக் கூடாது. ஜிம்பாப்வேயில் ஒருவர் நடைப் பயணத்துக்கு வழிகாட்டும் உரிமம் வாங்க வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு, சில ஆண்டுகள் பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி, கடைசியில் காட்டுக்குள்ளேயே நடக்கும் செய்முறைத் தேர்வு என்று அத்தனையையும் தாண்டி வர வேண்டும். நாம் வீடியோவில் பார்ப்பது கூடாரத்தை மட்டும்தான். அதைச் சுற்றியுள்ள கட்டுப்பாடு படத்தில் வருவதில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் துணியையும் நான்கு கம்பியையும் மட்டும் இங்கே கொண்டுவந்து நட்டால் அது சஃபாரி ஆகிவிடாது.

நிலமும் வேறு. பாலைவன ஓரத்திலும் சவன்னாப் புல்வெளியிலும் விலங்கு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியும். அது நம்மைப் பார்க்கும், நாமும் அதைப் பார்ப்போம், நடுவில் வண்டி இருக்கும். பழனி மலையில் அடிவாரத்து முட்புதரும் இலையுதிர் காடும் தாண்டி மேலே ஏற ஏறச் சோலைக்காடு, புல்வெளி, மனிதன் நட்ட சீகை, பைன், யூகலிப்டஸ் என்று மாறி மாறி வருகிறது. இந்தத் தொடரில் உள்ள வந்தரவு உச்சியின் உயரம் 2,533 மீட்டர். சோலைக்குள் பத்து எட்டு தூரத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்தப் பத்து எட்டும் இல்லை. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர். யானை, காட்டுமாடு, சிறுத்தை, கரடி, செந்நாய் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. யானை வந்து நின்றுவிட்டால் பேரிஜம் ஏரிக்குப் போகும் சுற்றுலா வாகனங்களையே வனத்துறை நாள்கணக்கில் நிறுத்திவிடுகிறது. அந்த அனுமதியும் பகலுக்கு மட்டும்தான்.

காட்டுமாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே பங்களாத் தோட்டத்திலும் பஸ் போகும் சாலையிலும் அது மேய்வதால், வருகிறவர்கள் அதை வீட்டு மாடு மாதிரி நினைத்து முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வளர்ந்த கிடா ஒரு டன் எடைவரை போகும். தோளிலிருந்து முதுகின் பாதிவரை மேடாக எழும்பும் தசை, முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல வெளுப்பு, கறுத்த உடம்பு. அது தன் முழுப் பக்கவாட்டையும் உங்களுக்குக் காட்டியபடி விறைத்து நடந்தால், அழகு காட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். தன் அளவைக் காட்டி விலகச் சொல்கிறது. பிறகு மூக்கிலிருந்து சீறல் வரும். அந்தக் கட்டத்தில் ஓடாமல், திரும்பாமல், பின்னோக்கி மெதுவாக நகர்ந்து ஒரு பருத்த மரத்தை நடுவில் வைத்துக்கொள்வதே வழி. மந்தையைவிட ஒற்றையாகத் திரியும் கிடாவிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். பகலில் இதையெல்லாம் கவனிக்க நேரம் கிடைக்கும். இரவில் கூடாரத்துக்குள் இருப்பவருக்குக் கேட்பது மூச்சுச் சத்தம் மட்டும்தான். எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை நிற்கின்றன, கன்று கூட இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அரைத்தூக்கத்தில் ஜிப்பைத் திறந்து டார்ச் அடிப்பவர் அதன் காலடியில் போய் நிற்கலாம்.

வழிகாட்டி எதற்கு, கைப்பேசியில் மேப் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. மேப் பாதையைக் காட்டும். அந்தப் பாதையில் அரைமணி நேரத்துக்கு முன் யார் போனார்கள் என்று காட்டாது. பழனி மலையின் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் தேடி இந்தச் சரிவுகளில் நடந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் போகும்போது கவனித்தால் விஷயம் புரியும். யானைப் பிண்டத்தைக் காலால் புரட்டி உள்ளே ஈரம் இருக்கிறதா, வண்டு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். உரித்த பட்டையின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். மேலே கருமந்தி குரலை மாற்றினாலோ மலை அணில் விடாமல் கத்தினாலோ நின்றுவிடுவார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பது அவர் யோசிக்காமலே வைத்திருக்கும் கணக்கு. அவர் கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்துவதும், திரும்பலாம் என்றால் கட்டிய பணத்தைச் சொல்லி வாதாடாமல் திரும்புவதும் நம் வேலை. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்று கேட்கிற கூட்டத்துக்கு எவ்வளவு நல்ல வழிகாட்டி அமைந்தும் பயனில்லை. நகரத்திலிருந்து கூடவே வரும் ஏற்பாட்டாளரை வழிகாட்டி என்று எண்ணிக்கொள்வதும் தவறு. அவருக்கு உங்களைத் தெரியும், மலையைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விலங்கைவிட எனக்கு அதிக பயம் நெருப்பிடம். 2018 மார்ச் 11 அன்று பழனி மலைத்தொடரை ஒட்டிய தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் பற்றிய தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது. அதில் 23 பேர் இறந்தார்கள். அனுமதி வாங்கிய வழி ஒன்று, நடந்த வழி வேறு என்று அப்போதே வனத்துறை சொன்னது. அந்தப் பருவத்தில் சரிவுப் புல் காகிதம்போலக் காய்ந்து கிடக்கும். தீ மேல்நோக்கி ஏறும்போது தனக்கு முன்னால் இருக்கும் புல்லைச் சுட்டுக் காயவைத்துக்கொண்டே வருகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பணியில் இருப்பவர்களின் தோராயக் கணக்கு. மனிதனுக்கு ஏற்றத்தில் வேகம் குறையும். ஆகவே உச்சியை நோக்கி ஓடக் கூடாது. வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கரிந்த நிலம், இவற்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர் கூட இருந்தால்தான் இது நடக்கும். இரவுக் கூடாரம் என்றாலே கேம்ப் ஃபயர் கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி அதற்குள் தீ மூட்டுவதையும் எரியும் தீயை விட்டுவிட்டு வருவதையும் தடை செய்கிறது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே 27ஆம் பிரிவின்படி குற்றம். குளிருக்கு நெருப்பு வேண்டாமா என்றால், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடத்தில் தரையில் படுப்பதே எதற்கு என்று திருப்பிக் கேட்பேன்.

"நாங்கள் காட்டுக்குள் போகவில்லை, பட்டா நிலத்தில்தான் டென்ட் போட்டிருக்கிறோம், இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்று நிலத்துக்காரர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நிலம் அவர்களுடையது. ஆனால் பட்டாவின் எல்லைக்கல் யானைக்குத் தெரியாது. வயநாடு மேப்பாடியில் 2021 ஜனவரியில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்ததும் ஒரு தனியார் விடுதியில்தான். காட்டோரத்தில் மிஞ்சிய சோறும் பழத்தோலும் கொட்டுகிற இடத்துக்குப் பன்றி வரும், குரங்கு வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். ஒன்றும் ஆகாத வருடங்களை ஆதாரமாகக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் மலை மக்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்ற கேள்விதான் உண்மையிலேயே கனமானது. இங்கே ஆப்பிரிக்காவிடம் கற்க ஒன்று இருக்கிறது, அது கூடாரம் சம்பந்தப்பட்டதில்லை. நமீபியா 1996இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், பொது நிலத்தில் வாழும் மக்கள் தங்களுக்குள் அமைப்பு வைத்து வன உயிரினங்களையும் சுற்றுலா வருமானத்தையும் நிர்வகிக்க உரிமை கொடுத்தது. விலங்கு உயிரோடு இருந்தால் ஊருக்கு வரும்படி என்று ஆனது. நம் ஊரில் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பழங்குடியினரையும் மலை ஊர் இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் – வெள்ளகெவி, சோலார் அப்சர்வேட்டரி – குண்டாறு பாதைகள் பட்டியலில் உண்டு. எனக்கும் குறை இருக்கிறது. இவ்வளவு பெரிய மலைத்தொடருக்கு இந்தப் பாதைகள் போதாது. கட்டணத்தில் எவ்வளவு வழிகாட்டியின் கைக்குப் போகிறது என்பதை ரசீதிலேயே அச்சிட்டால் நன்றாக இருக்கும். ஆனாலும் கூடார வாடகை நிலத்துக்காரரோடு நிற்கிறது. வழிகாட்டிக் கூலி காட்டைத் தெரிந்தவருக்குப் போகிறது. எதை வளர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போக முடிவு செய்தால் பணம் கட்டுமுன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். அனுமதி எந்தப் பாதைக்கு, யார் பெயரில், நடுவில் தீ பற்றினால் எந்த வழியாக இறங்குவோம், எத்தனை மணிக்குத் திரும்பியிருப்போம். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். மங்கிய நிறச் சட்டை, வாசனைத் திரவியம் இல்லாத உடம்பு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட இரண்டு மெல்லிய கம்பளி, மழைச் சட்டை, அட்டைக்கு நீளமான காலுறை, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், இவ்வளவு போதும். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மோட்டார் சாலை வருமுன் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதையில் இருப்பது வெள்ளகெவி. அங்கே இறங்குவது ஏறுவதைவிட முழங்காலுக்குக் கஷ்டம், ஒரு கைத்தடி உதவும். ஊருக்குள் அவர்கள் செருப்பு போடுவதில்லை, நீங்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். 2025இல் காட்டுத்தீ காலம் என்று மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடினார்கள். அந்த மாதங்களில் யாராவது "நாங்கள் கூட்டிப் போகிறோம்" என்றால் அவரோடு போகாதீர்கள்.