'இரட்டை இழப்பீடு': குற்றவாளி யார்?

1940களில் அமெரிக்காவில் இருளும் நிழலும் மிகுந்த குற்றக்கதைப் படங்கள் பல வெளிவந்தன. 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் இவற்றிற்கு 'ஃபிலிம் நுவார்', அதாவது 'கறுப்புப் படம்', என்று பெயர் சூட்டினர். ஆடவனை மயக்கி அழிவுக்கு இழுத்துச் செல்லும் பேரழகி ஒருத்தி இப்படங்கள் பலவற்றில் வருவாள். அப்படிப்பட்டவர்களில் மிகவும் பேசப்படுபவள் ஃபிலிஸ். பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஏற்ற வேடம் அது.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வால்டர் நெஃப் என்னும் இன்சூரன்ஸ் விற்பனையாளன், வாடிக்கையாளர் ஒருவரின் மனைவியான ஃபிலிஸ் மீது மோகம் கொள்கிறான். கணவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் விபத்துப் பாலிசி எடுத்து, அவரைக் கொன்று, பணம் பெற இருவரும் திட்டமிடுகின்றனர். 50,000 டாலர் பாலிசி. ரயில் விபத்தில் இறந்தால் இரட்டிப்பாக 1,00,000.

ஃபிலிஸ்தான் நல்லவனைக் கெடுத்த பாதகி என்று பலர் எழுதிவிட்டனர். இருமுறை படம் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் குற்றமற்றவள் என்று வாதாட வரவில்லை. கணவரை ஒழிக்கும் எண்ணத்தை முதலில் எழுப்பியவள் அவள்தான். ஆனால் ரயில் என்ற யோசனை யாருடையது? நெஃப்புடையது. காரின் பின்னிருக்கையில் ஒளிந்திருந்து கணவரின் கழுத்தை முறித்தவனும் அவனே. நிறுவனத்தை ஏமாற்றும் வழியை நெடுநாளாகவே மனத்தில் போட்டு வைத்திருந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான்.

என்னை உறுத்திய காட்சி கொலைக் காட்சியன்று, கையெழுத்துக் காட்சி. கார் இன்சூரன்ஸின் மறுபிரதி என்று சொல்லி விபத்துப் பாலிசியை நெஃப் நீட்டுகிறான். கணவர் படிக்காமலே கையெழுத்திடுகிறார். அவருடைய மகளையே அந்த அறையில் சாட்சியாக இருக்க வைத்திருக்கிறான். எங்கள் குடும்பத்தில் பத்திரம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தே பழகியவர் என் தந்தை. அவள் கணவர் எழுத்தறிந்தவர்தான். ஆயினும் அந்தக் காட்சியில் எனக்கு அப்பாவின் நினைவே வந்தது. ஃபிலிஸின் அழகு அந்தத் தாளை எழுதவில்லை. தாளைப் பற்றிய அறிவு முழுவதும் நெஃப்பிடமே இருந்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசை. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்த வீட்டின் கூடத்தில் அலுமினியப் பொடியைத் தூவி, ஜன்னல் வழி வரும் ஒளிக்கற்றையைக் கண்ணுக்குத் தெரிய வைத்தார். நாம் சோதனைக்கூடத்தில் படித்த ஒளிச்சிதறல்தான்! ஜன்னல் மறைப்புப் பட்டைகளின் நிழல் சிறைக் கம்பிகளைப் போல நெஃப் மீது விழுகிறது, அவன் எந்தக் குற்றமும் செய்வதற்கு முன்பே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டடிபட்ட நெஃப், இரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதிவுக் கருவியில் சொல்லும் வாக்குமூலமே படம் முழுவதும். ஃபிலிஸை அவன் சொல்லித்தான் அறிகிறோம். கடைசிச் சந்திப்பில் அவள் அவனை ஒருமுறை சுடுகிறாள். மறுமுறை சுட அவளால் முடியவில்லை. துப்பாக்கியை வாங்கி அவன் அவளை இருமுறை சுடுகிறான். அவள் ஏன் நிறுத்தினாள் என்பதற்கு அவள் சொல்லும் காரணமும் அவன் நினைவின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.