நகரப் பள்ளியில் காய்கறித் தோட்டம்: பருவமும் பங்கீடும்

பெங்களூரு நகரின் கிழக்கே, காக்ஸ் டவுனை ஒட்டியுள்ள ஜீவனஹள்ளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. ‘ஹள்ளி’ எனும் கன்னடச் சொல்லுக்குச் சிற்றூர் என்பது பொருள். பெயரில் ஊர் எஞ்சி நிற்கிறது. நிலம் வீடுகளாகவும் தெருக்களாகவும் மாறிவிட்டது. இங்கு வளரும் குழந்தை காய்கறியைத் தள்ளுவண்டியில்தான் காண்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்துவந்த, தமிழ் மூலம் கொண்ட திகளர் சமூகத்தார் வாழும் நகரில் இந்நிலை வியப்புக்குரியதே. இத்தகைய பகுதிகளில் உள்ள பள்ளிகளின் சிறு முற்றங்களில் குழந்தைகளைக் கொண்டு காய்கறி பயிரிட இயலுமா? இயலும். ஆயினும் எந்தப் பருவத்தில், யார் உண்பதற்காக என்னும் இரு வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காண்பது அவசியம்.

பள்ளித் தோட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1960-களில் யூனிசெப், உணவு வேளாண்மை நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் நடைபெற்ற நடைமுறை ஊட்டச்சத்துத் திட்டத்தில் அது ஓர் அங்கமாக இருந்தது. காப்பு உணவுகளை விளைவிப்பதிலும் உண்பதிலும் எதிர்பார்த்த விழிப்பு ஏற்படவில்லை என்பதே அத்திட்டம் குறித்த பின்னாளைய மதிப்பீடு. 2019-இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிலமில்லாத பள்ளிகள் தொட்டிகளிலும் பழைய டின்களிலும் பயிரிடலாம் என்பது நகரங்களைப் பொறுத்தமட்டில் அதன் பயனுள்ள பகுதியாகும்.

அளவைப் பற்றி மயக்கம் கூடாது. மதிய உணவுத் திட்டத்தின்படி தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறியும், உயர் தொடக்க வகுப்பினருக்கு 75 கிராமும் தரப்பட வேண்டும். 200 தொடக்க வகுப்புக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு இது நாளொன்றுக்கு 10 கிலோ. 40 சதுர மீட்டர் தோட்டத்தில் சதுர மீட்டருக்கு 2 கிலோ விளையும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 80 கிலோதான்; எட்டு நாள் தேவை. சந்தைச் செலவைக் குறைப்பதற்காகத் தோட்டம் போடுவதாகச் சொல்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். தட்டில் ஒதுக்கிவைக்கும் கீரையைத் தானே விதைத்துப் பறித்த குழந்தை உண்ண முற்படுவதே தோட்டத்தின் மெய்யான வரவு. அவ்வரவு கிடைக்க வேண்டுமாயின் விளைச்சல் குழந்தையின் கண்முன்னே, அதே கல்வியாண்டில் வந்து சேர வேண்டும்.

இங்கேதான் பருவம் முக்கியமாகிறது. கர்நாடகத்தில் பள்ளிகள் மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறக்கின்றன. சேர்க்கை, பாடநூல் விநியோகம் ஆகியவற்றில் முதல் வாரங்கள் கழிந்துவிடும். ஆகஸ்டு இறுதியில் பாத்தியிட்டால் பயிர் வளர்ந்துவரும் நேரத்தில் தசரா விடுமுறை குறுக்கிடும். அது இரண்டு வாரங்களுக்கும் மேற்பட்டது. களையெடுக்க ஆளில்லாத அந்நாட்களில் தோட்டம் புதராகும். ஆசிரியரின் ஊக்கமும் அத்துடன் தளரும். விடுமுறை முடிந்து விதைத்தால் இத்தொல்லை இல்லை. கூதிர்ப் பருவமாகிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெங்களூரில் மழை படிப்படியாகக் குறைந்து, குளிர் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பீன்ஸ், நூல்கோல், முள்ளங்கி, கேரட் ஆகியவை இங்கு நன்கு வளர்கின்றன.

அக்டோபர் இறுதியில் விதைத்த வெந்தயம் நான்கைந்து நாட்களில் முளைத்துவிடும். சிறு குழந்தைகளின் பொறுமைக்கு இதுவே ஏற்ற முதற்பயிர். தண்டுக்கீரையில் முதல் பறிப்பு 25 முதல் 30 நாட்களில் கிடைக்கும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா சுகுணா’ பலமுறை பறிக்கத்தக்க ரகம். முள்ளங்கி டிசம்பர் நடுவிலும், பீன்ஸ் ஜனவரியிலும் பலன் தரும்.

நகர மண்ணில் கட்டட இடிபாடு கலந்திருப்பது இயல்பு. அதை அகற்றி, செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து, ஒரு சாண் உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைப்பது நலம். ஐப்பசியின் திடீர் மழையில் பள்ளப்பாத்தி நீர்தேங்கி நாற்றுகள் அழுகும். பொடியான கீரை விதையை மணலுடன் கலந்து தூவ வேண்டும். முள்ளங்கியைப் பிடுங்கி நடக்கூடாது, வேர் கவைவிடும். இவற்றை ஆசிரியர் முன்னதாகச் சொல்லிவிடுவதை விட, ஒரு பாத்தியை விட்டுவைத்துக் குழந்தைகளே கண்டறியச் செய்வது மேல். பாத்திதோறும் ஊன்றும் பலகையில் இரு மொழிப் பெயர்களும் இருக்கலாம்: கீரைக்குச் சொப்பு, பீன்ஸுக்கு ஹுருளிக்காயி, நூல்கோலுக்கு நவிலுகோசு. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பயிலும் குழந்தைக்கு அது ஒரு மொழிப்பாடமும் ஆகும்.

எஞ்சியிருப்பது பங்கீடு. கிராமப் பள்ளியில் பறித்த கீரை அங்கேயே உள்ள உலையில் சேரும். பெங்களூரிலோ 2000-இல் அட்சய பாத்திரம் அறக்கட்டளை ஐந்து அரசுப் பள்ளிகளின் 1,500 குழந்தைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது முதல், மையச் சமையற்கூடங்களிலிருந்து உணவு வண்டியில் வருவது பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. சுவையும் சுத்தமும் ஒருபுறமிருக்க, அத்தகைய பள்ளியில் விளைந்த மூன்று கிலோ முள்ளங்கி நுழைவதற்குப் பானை இல்லை. அது ஆசிரியர் அறைக்கோ கடைக்கோ போகுமாயின் குழந்தை கற்பது வேறு பாடம். ஊறவைத்த பாசிப்பருப்பும் துருவிய முள்ளங்கியும் கேரட்டும் கொத்தமல்லியும் சேர்த்துச் செய்யும் கோசம்பரிக்கு அடுப்பே தேவையில்லை. நன்னீரில் கழுவுவதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் போதும். அறுவடை நாளில் வண்டியில் வந்த சோற்றுக்கும் சாம்பாருக்கும் பக்கத்தில் அதை ஒவ்வொரு தட்டிலும் இடலாம். சமைத்தே உண்ண வேண்டிய கீரையையும் பீன்ஸையும் முறைவைத்து, வாரம் ஒரு வகுப்பினர் என வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். யாருக்கு எவ்வளவு சென்றது என்பதை எழுதும் பதிவேட்டை ஐந்தாம் வகுப்பினரிடமே ஒப்படைக்கலாம்.