அக்கி, மரு, நிறுத்தக் கூடாத மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு நாலு வருசத்துக்கு முன்பு கண்டியில் சிறுநீரகம் மாற்றினார்கள். போன மாசம் இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் போட்டது. அக்கி என்று காவி கரைத்து எழுதினோம். அஞ்சாம் நாள் மேலெல்லாம் பரவி, வார்ட்டில் வைத்து மருந்து ஏற்றினார்கள். இப்போது ஆறிவிட்டது. ஆனால் கைவிரல்களில் ஏழெட்டு மரு வந்திருக்கிறது. மாத்திரையைக் குறைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார் மாமி. குறைக்கலாமா டொக்டர்?
– ஒரு வாசகி, பூண்டுலோயா

பதில்: குறைக்க வேண்டாம் சகோதரி, ஒரு வேளைகூட. மாமி சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டெக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசொலோன் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால்தான் இன்னொருவரின் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் வைரசுகளும் தலைதூக்குகின்றன. மாத்திரை குறைந்தால் மரு உதிரலாம். சிறுநீரகமும் கைவிட்டுப் போகலாம். அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ இரத்தப் பரிசோதனையைப் பார்த்து சிறுநீரக டொக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

முன்பு அம்மை போட்ட வைரஸ் நரம்பு வேரில் பல வருடம் படுத்திருந்து எழும்புவதுதான் அக்கி. மற்றவர்களுக்கு அநேகமாக மூன்று நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். காவி எழுதியதால் ஆறியது என்ற நம்பிக்கை அப்படித்தான் நிலைத்தது. உங்கள் கணவருக்கோ அது நுரையீரல், மூளை வரை போகக்கூடியது. அசைக்ளோவிரை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; பிந்தினாலும் இவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும் என்பதால் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மறுபடி கொப்புளம் கண்டால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் இவரை ஒதுங்கி இருக்கச் சொல்லி, உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராவில் ஒதுங்கி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

மருவைப் பிளேடால் சீவவோ சுண்ணாம்பு வைக்கவோ கூடாது. சீவினால் பக்கத்து விரலுக்குப் பரவும், புண்ணில் கிருமியும் ஏறும். இது பப்பிலோமா என்ற வைரசால் வருவது. சிறுநீரகம் மாற்றி வருடங்கள் கூடக் கூட மருவும் கூடும். என் பெரிய கவலை, மருவைப் போலவே தோன்றும் தோல் புற்றுநோய்தான். ஒன்று மட்டும் தடித்து வேகமாக வளர்ந்தால், இரத்தம் கசிந்தால், ஒரு மாதமாகியும் புண் ஆறாவிட்டால், சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கறுத்த தோலுக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனால் இருக்கிறது. வெயில் அதைக் கூட்டும். 1000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, நம் மலையகப் பனிமூட்டம் அதை முழுதாகத் தடுப்பதில்லை. மலைக்கு வேலைக்குப் போனால் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போடட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் இரத்த ரிப்போட்டை மட்டும் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டாம். கையை நீட்டி, சட்டையைக் கழற்றி, முதுகையும் காட்டச் சொல்லுங்கள்.