நாற்பது வயதிலும் மாணவர்

நம்மவரில் பலர், படிப்பு என்பது பிள்ளைகளுக்கு உரியது, கடை வைத்தவனுக்குக் கல்லாப் பெட்டியும் பேரேடும் போதும் என்று எண்ணுகின்றனர். இந்த எண்ணம் சரிதானா என்பதை, கோலாலம்பூரில் பணியாற்றிச் சென்ற ஒரு பேராசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

அவர்தாம் தனிநாயகம் அடிகள். 1913-ம் ஆண்டு யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் பிறந்தவர், கிறிஸ்தவப் பாதிரியார். சமயம் வேறாயினும் நல்ல பாடத்தை யாரிடமிருந்தும் பெறலாம் அல்லவா? ரோமாபுரியில் படித்து டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். இலத்தீனும் இத்தாலியமும் கற்ற அவருக்குத் தாய்மொழியின் பழைய இலக்கியத்தில் பயிற்சி இல்லை. அதற்காக அவர் வெட்கி ஒதுங்கவில்லை. அங்கேயே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945-ல், ஏறக்குறைய 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த காலத்திலேயே லண்டன் சென்று படித்து, இன்னொரு டாக்டர் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஆசிரியர்களுக்கே பாடம் சொன்னவர், தாமும் மாணவராய்ப் போய் உட்கார்ந்தார்!

அவர் பல நாடுகளுக்கும் பயணம் செய்தார். போன இடமெல்லாம் நூலகங்களில் புகுந்து தமிழைத் தேடினார். 1554-ல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு நூலில் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் இருப்பதை அறிஞர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1679-ல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்று வாத்திகன் நூலகத்தில் கிடந்தது. அதைப் படமெடுத்து 1966-ல் கோலாலம்பூரில் மறுபடியும் வெளிவரச் செய்தார். தம் பயணங்களைப் பற்றி 'ஒன்றே உலகம்' என்னும் நூலும் எழுதினார்.

கற்றதைப் பூட்டி வைக்கவில்லை, புதியன செய்தார். தமிழ் அறியாதாரும் தமிழை அறிய வேண்டும் என்று 1952-ல் ஆங்கிலத்தில் ஓர் இதழ் தொடங்கினார். 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1964-ல் டில்லியில் அறிஞர் சிலரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் கண்டார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் நடந்தது எங்கே? சென்னையிலன்று, மதுரையிலன்று, நமது கோலாலம்பூரில்! 1980-ல் அவர் காலமானார்.

இதில் வியாபாரிகளாகிய நமக்கு என்ன பாடம்?

முதலாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பது இழிவன்று. மலாயும் சீனமும் காதால் கேட்டே கற்றவர்கள் நம் கடைத்தெருவில் உண்டு. அது பெரிய முதல். ஆனால் பேசத் தெரிந்த மொழியில் ஒரு கடிதத்தைப் படிக்கப் பிறர் கையை எதிர்பார்க்கலாமா? கடை அடைத்த பின் அரை மணி நேரம் ஒதுக்கினால் அதையும் கற்கலாம். கடைப் பையன்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, நாமும் சரக்கு வாங்கப் பாங்காக்குக்கும் சென்னைக்கும் போகிறவர்கள்தாம். விலையை மட்டும் குறித்து வருகிறோம். அந்த ஊரார் கடையை எப்படி நடத்துகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்பதையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்தால், அது செலவில்லாமல் வரும் சரக்கு.

மூன்றாவதே முக்கியமானது. பாடத்தில் சந்தேகம் கேட்டு வரும் மகனை, "போய் வாத்தியாரிடம் கேள்" என்று அனுப்பிவிடும் தகப்பனார், படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் என்று அவனுக்குக் கற்றுக் கொடுக்கிறார். "வா, இருவரும் பார்ப்போம்" என்று அமரும் தகப்பனாரோ, விடை தெரியாதவராயினும், ஆயுள் முழுதும் உதவும் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். கட்டணம் கட்டுவதோடு நம் கடமை தீராது. நாம் படிப்பதையும் நம் பிள்ளைகள் காண வேண்டும்.