அளவுக்கு மிஞ்சினால்...

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. அது உணவுக்கு மட்டுமன்று, மின்சாரத்திற்கும் பொருந்தும் என்பதை எங்கள் மாமாவின் மோட்டார் சைக்கிள் எனக்குக் கற்றுத் தந்தது. ஒரே வாரத்தில் அதன் முன்விளக்கு பல்பு மூன்று முறை எரிந்து போயிற்று. மெக்கானிக் பல்பைக் குறை கூறவில்லை. "ரெகுலேட்டர் போயிடுச்சு சார், அதை மாத்தாம பல்பை மாத்தி என்ன பிரயோஜனம்?" என்றார். சாலையில் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடலாம். வானத்தில் பறக்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வீட்டிலே ஒரு விமானம்

தோழியரே, விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையில்தான் கட்டுவார்கள் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அமெரிக்காவில் பலர் தம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே சிறு விமானங்களைக் கட்டிப் பறக்கிறார்கள். இத்தகையோருக்காக 1953 ஆம் ஆண்டு பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். 1970 இல் அதன் ஆண்டுப் பெருவிழா ஆஷ்காஷ் நகருக்கு இடம் மாறியது.

அந்நாட்டுச் சட்டப்படி, விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவரே தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ செய்திருக்க வேண்டும். ஏறும் வாயிலருகே 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற சொல்லைக் குறைந்தது 2 அங்குல உயர எழுத்துகளில் எழுத வேண்டும். எந்தக் கம்பியை எங்கே இணைப்பது என்று முடிவு செய்பவரும் கட்டுபவரே. சுதந்திரம் பெரிது, பொறுப்பு அதனினும் பெரிது.

மின்சாரம் பிறக்கும் இடம்

1831 இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். விமான எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டரில் நடப்பதும் அதுவே. நடுவில் சுழலும் கம்பிச்சுருளுக்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் அது காந்தமாகிறது. அக்காந்தம் சுழலும்போது சுற்றிலும் உள்ள நிலையான சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக்குகின்றன.

எஞ்சின் வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூட முயலும். அதை அடக்குவது ரெகுலேட்டர். அழுத்தம் கூடினால் காந்தச் சுருளின் மின்னோட்டத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இவ்வாறு 12 வோல்ட் மின்கல அமைப்பை ஏறத்தாழ 14 வோல்ட்டில் வைத்திருக்கும்.

இந்த ரெகுலேட்டரே பழுதாகி, காந்தச் சுருளுக்கு முழு மின்னோட்டத்தையும் திறந்துவிட்டால்? அழுத்தம் கட்டின்றி ஏறும். மின்தடை மாறாத ஒரு கருவியில் அழுத்தம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது நாம் அறிந்த சூத்திரம். மின்கலம் சிறிது நேரம் அந்த மிகுதியை உறிஞ்சித் தாங்கும். பின்பு அதுவும் கொதிக்கத் தொடங்கும். ரேடியோவும் திசை காட்டும் கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும்.

கடப்பாரைக் காவல்

இதைத் தடுக்கும் ஓர் எளிய உபாயத்தைப் பொறியாளர்கள் 'க்ரோபார்', அதாவது கடப்பாரை என்று அழைக்கிறார்கள். அழுத்தம் ஏறத்தாழ 16 வோல்ட்டைத் தாண்டியதும் ஒரு மின்னணுச் சாவி திறந்து, காந்தச் சுருளுக்குச் செல்லும் கம்பியை நேரே தரையுடன் இணைத்துவிடும். இரு கம்பிகளின் குறுக்கே கடப்பாரையைப் போட்டது போல் குறுக்குச்சுற்று உண்டாகும். உடனே அக்கம்பியிலுள்ள 5 ஆம்பியர் பிரேக்கர் விழும். காந்தம் மறையும், ஆல்டர்னேட்டர் ஓய்ந்துவிடும். அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும்.

ஆனால் காரிலிருந்து எடுத்த ஆல்டர்னேட்டருக்கு இது அப்படியே உதவாது. அதன் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால், வெளிக்கம்பியை வெட்டினாலும் அது தன் மின்சாரத்தையே உண்டு ஓடக்கூடும். அதற்கு வெளியேறும் தடித்த கம்பியில் தனியாக ஒரு துண்டிப்புச் சாதனம் வேண்டும்.

அந்தத் தடித்த கம்பிக்கு ஃபியூஸும் உண்டு. யாரிடமிருந்து காக்க என்று எண்ணுகிறீர்கள்? ஆல்டர்னேட்டர் தன் சக்திக்கு மிகுதியாக அதிகம் தந்துவிடாது. ஆனால் அதன் டயோடு பழுதானால் மின்கலம் பின்னோக்கி நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சிக் கம்பியையே எரித்துவிடும். ஆகவே அந்த ஃபியூஸை மின்கலத்தின் பக்கம் வைக்க வேண்டும். ஃபியூஸ் முதலில் காப்பது கருவியையன்று, கம்பியையே.

விளக்கு எரிந்தால்

மின்சாரம் மிகுவது போலவே நின்றுபோவதும் ஆபத்து. ஆல்டர்னேட்டர் ஓய்ந்தாலும் மின்கலம் வேலை செய்வதால் விமானிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அழுத்தம் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் எரியும் ஓர் எச்சரிக்கை விளக்கை வைக்கிறார்கள். அதைக் கண்டதும் தேவையற்ற கருவிகளை நிறுத்த வேண்டும். 16 ஆம்பியர் மணி மின்கலம் 16 ஆம்பியர் சுமையைக் கணக்குப்படி 1 மணி நேரமே தாங்கும். சுமையை 4 ஆம்பியராகக் குறைத்தால் 4 மணி நேரம் தாங்கும். நடைமுறையில், பழைய மின்கலமாயின், இன்னும் குறையும்.

மேக்னெட்டோ உள்ள எஞ்சின் மின்கலமின்றியும் ஓடும். எரிபொருளும் தீப்பொறியும் மின்சாரத்தையே நம்பியிருக்கும் எஞ்சினோ மின்சாரம் தீர்ந்தால் நின்றுவிடும். அத்தகைய விமானத்தில் இரண்டாவது மின்கலமோ, சிறிய இரண்டாவது ஆல்டர்னேட்டரோ வைப்பது அறிவுடைமை.

முடிவுரை

விழுந்த பிரேக்கரை மீண்டும் மீண்டும் அழுத்துவது கூடாது. அது தொல்லை தரவில்லை. ஏதோ தவறு என்று சொல்கிறது. நம் வீடுகளிலும் ஃபியூஸ் போனால் காரணம் தேடாமல் தடித்த கம்பியைச் சுற்றி ஒப்பேற்றும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையிலும் அப்படி ஒரு கம்பி இருந்தது. இக்கட்டுரைக்காகப் படித்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிட்டார்.

தன்னை இழந்து பிறரைக் காக்கும் அந்த மெல்லிய கம்பியைப் பழித்துத் தடித்த கம்பியைப் போடுவோர், தம் வீட்டுக் காவலாளியைத் தாமே கட்டிப்போடுகிறார்கள். தோழியரே, இன்று வீடு திரும்பியதும் பெரியவர் ஒருவரிடம் உங்கள் வீட்டு ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.