விசுவாசமும் வினாவும்

சமயம் மனித உள்ளத்தில் ஆழ வேரூன்றிய ஒன்று. பசிக்கு உணவு தேடும் மனிதன் தன் வாழ்வின் பொருளையும் தேடுகின்றான். அத்தேட்டத்தினின்றும் எழுந்த ஆலயங்களும் மடங்களும் சபைகளும் மக்களுக்கு ஆற்றிய நன்மைகள் பல. ஆயினும், தேடுகின்ற உள்ளமே எளிதில் ஏமாறும் உள்ளமாகவும் இருத்தல் கூடும். தாகங் கொண்டவன் தண்ணீரின் தூய்மையை ஆராயாமற் பருகிவிடுவதுண்டு அன்றோ? ஆகவே, ஒரு மாணவன் தன் சமயக் கொள்கையைக் குறித்து வினா எழுப்புதல் தகுமா, அவ்வினாவைத் தடை செய்யும் கூட்டத்தார் எத்தகையோர், அவரிடம் அகப்பட்டோர் நிலை யாதாகும் என்பவற்றை ஒரு சரித்திர உதாரணங் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. ஐயத்தின் இருவகை

ஐயம் இருவகைப்படும். ஒன்று, எதனையும் ஆராயாமலே எல்லாவற்றையும் எள்ளி நகையாடுவது. அது சோம்பலின் பிள்ளை. மற்றொன்று, உண்மையை அறியவேண்டும் என்னும் வேட்கையால் எழுவது. அது கல்வியின் தாய். நாம் ஈண்டுக் கருதுவது இரண்டாவதையே. நாம் போற்றும் நூல்கள் இதற்கு இடந்தருகின்றன. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், அக்காப்பியத் தலைவி வஞ்சிமாநகரிற் பல்வேறு சமயக்கணக்கரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே காஞ்சியை அடைந்து அறவண அடிகளிடம் அறங் கேட்கின்றாள். கேட்டல் முந்தியது, ஏற்றல் பிந்தியது.

கிறிஸ்தவ வேதத்திலும் இதற்குச் சான்றுண்டு. திருத்தூதருள் ஒருவராகிய தோமா, தாம் கண்டறியாததை நம்பமாட்டேன் என்று கூறிய செய்தி யோவான் சுவிசேஷத்தில் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வாறு கூறியமை பற்றி ஏனைய சீஷர் அவரைத் தம்மினின்றும் தள்ளிவிடவில்லை. எட்டு நாள் கழிந்த பின்னும் அவர் அவர்களோடு அதே வீட்டில் இருந்தார் என்று காண்கிறோம். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. ஐயுற்றவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் கூட்டம் ஒருவகை. ஐயுற்றவனைச் சத்துரு என்று தள்ளும் கூட்டம் வேறொருவகை. இவ்விரண்டாம் வகைக்கே உதாரணங் கூறப் புகுகின்றோம்.

2. மக்கள் ஆலயத்தின் வரலாறு

ஜிம் ஜோன்ஸ் என்பவர் 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா மாகாணத்திற் பிறந்தவர். 1950-களின் நடுப்பகுதியில் இந்தியானாபொலிஸ் நகரில் அவர் நிறுவிய சபை 'பீப்பிள்ஸ் டெம்பிள்', அதாவது மக்கள் ஆலயம், எனப் பெயர் பெற்றது. வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சத்தாரும் ஓர் ஆலயத்தில் அருகருகே அமர்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், இச்சபை இருசாராரையும் ஒரு குடும்பத்தினர் போல் ஏற்றது. பசித்தோர்க்கு உணவிட்டது, முதியோரைப் பேணியது. 1961-இல் அந்நகரின் மனித உரிமைக் கழகத்துக்கு ஜோன்ஸ் தலைமை அலுவலராக நியமிக்கப்பட்டார். 1965-இல் அவரும் அவர் அடியாரும் கலிபோர்னியாவிற் குடியேறினர். பின்னர் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சபை கிளைத்தது. 1976-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர வீட்டுவசதிக் குழுவில் அவருக்குப் பதவி கிடைத்தது. அரசியல் தலைவர்கள் அவர் நட்பை நாடினர்.

இவ்வளவும் விரித்துரைப்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. இத்தகைய கூட்டங்களிற் சேர்ந்தோரை மூடர் என்று இகழ்ந்து நாம் அறிவாளிகள் என்று மகிழ்தல் பலருக்கும் இயல்பு. ஆனால் மக்கள் ஆலயத்திற் சேர்ந்தோருள் ஆசிரியரும் வழக்கறிஞரும் தாதியரும் இருந்தனர். அவர்கள் தீமையை நாடிச் சென்றவரல்லர். நிறவேற்றுமை ஒழிந்த ஒரு சமுதாயத்தை நாடிச் சென்றனர். தூண்டிலின் முள்ளை எந்த மீனும் விரும்பி விழுங்குவதில்லை, இரையையே விழுங்குகின்றது.

முள் யாது? முதலாவது, பொருள். அங்கத்தினர் தம் வருமானத்தையும், நாளடைவில் வீடு முதலிய சொத்துக்களையும் சபைக்கு ஒப்படைத்தனர். வெளியேற விரும்பினும் தங்க இடமில்லாமற் போயிற்று. இரண்டாவது, காலம். நெடுநேரக் கூட்டங்கள் இரவு வெகுநேரம் நீண்டன. களைத்த மூளை ஆராயும் வலியிழந்தது. மூன்றாவது, அச்சம். தாம் செய்யாத குற்றங்களைச் செய்ததாக எழுதிக் கையொப்பமிடும்படி அங்கத்தினர் ஏவப்பட்டனர். அப்பத்திரங்கள் பிற்காலத்தில் அவர்களை அடக்கும் கருவிகளாயின. நான்காவது, ஒற்று. கணவனைப் பற்றி மனைவியும் பெற்றோரைப் பற்றிப் பிள்ளையும் அறிவிக்கும் வழக்கம் புகுந்தது. கூட்டத்தின் நடுவே தண்டனைகளும் நடந்தன. ஐந்தாவது, பொய்யான அற்புதம். நோயாளியின் உடலினின்றும் புற்றுநோய்க் கட்டியை வெளியேற்றியதாகக் காட்டப்பட்டவை கோழியின் உட்பாகங்களே என்று பின்னர் வெளிவந்தது. கடைசியில் ஜோன்ஸ் வேதப் புத்தகத்தையே இழித்துரைத்துத் தம்மைக் கடவுளின் நிலையில் வைத்தார். அவரைத் தட்டிக் கேட்பதற்கு அவருக்கு மேற்பட்ட நூலும் இல்லை, ஆளும் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று.

1974-இல் தென்னமெரிக்காவின் வடபாகத்திலுள்ள கயானா நாட்டின் காட்டுப் பிரதேசத்தில் சபையார் நிலங் குத்தகைக்குப் பெற்றுப் பயிர்த்தொழில் தொடங்கினர். 1977-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், சபையினின்றும் விலகியோரின் வாக்குமூலங்களைக் கொண்ட ஒரு பத்திரிகைக் கட்டுரை வெளிவரவிருந்த சமயத்தில், ஜோன்ஸும் மிகப் பலரும் விரைந்து அங்கே சென்றனர். ஏறத்தாழ 1,000 பேர் வாழ்ந்த அவ்வூர் அவர் பெயராலேயே ஜோன்ஸ்டவுன் எனப்பட்டது. அங்கே பாஸ்போர்ட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன, கடிதங்கள் பார்வையிடப்பட்டன, ஒலிபெருக்கியில் அவர் குரல் நாளெல்லாம் ஒலித்தது. நாற்புறமும் காடு. உலகத்தில் நடப்பதை அவர் சொல்லியே அறியவேண்டும். சத்துருக்கள் வருகின்றனர், அனைவரும் ஒருங்கே மாளவேண்டும் என்று கூறி, இரவில் மக்களைத் திரட்டிச் சாவுக்கு ஒத்திகை நடத்துதலும் நிகழ்ந்தது.

3. 1978 நவம்பர் 18

உறவினர்களின் முறையீட்டைக் கேட்ட அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அங்கத்தினர் லியோ ரயன், பத்திரிகையாளர் சிலரோடு 1978 நவம்பர் 17 அன்று ஜோன்ஸ்டவுனை அடைந்தார். அன்றிரவு பாட்டும் விருந்துமாகக் கழிந்தது. ஆயினும் வெளியேற உதவி வேண்டி எழுதப்பட்ட ஒரு சிறு துண்டுக் காகிதம் ஒரு பத்திரிகையாளர் கையிற் சேர்ந்தது. மறுநாள் பதினைந்து பேரளவில் அவரோடு புறப்பட்டனர். அருகிலிருந்த போர்ட் கைடுமா விமானத் தளத்தில் சபையின் ஆயுதந் தாங்கிய ஆட்கள் அவர்களைச் சுட்டனர். ரயனும், மூன்று பத்திரிகையாளரும், வெளியேற வந்த பெண்மணி ஒருவரும் மாண்டனர். அன்று மாலை ஜோன்ஸ்டவுனில் விஷத்தாலும், மிகச் சிலர் துப்பாக்கியாலும், 909 பேர் இறந்தனர். தலைநகரிலும் விமானத் தளத்திலும் இறந்தோரைக் கூட்டினால் 918 பேர். அவருள் சிறுவர் சிறுமியர் 300-க்கு மேற்பட்டவர். குழந்தை விரும்பிச் சாவதில்லை. சுற்றிலும் ஆயுதந் தாங்கிய காவலரும் நின்றனர். ஆதலின் இதனைத் தற்கொலை என்று மட்டும் எழுதுதல் பொருந்தாது. இதிற் கொலையும் பெரும்பங்குண்டு.

அன்றைய கூட்டத்தின் பேச்சு ஒலிப்பதிவு நாடா ஒன்றிற் பதிந்து கிடைத்தது. அதிற் கேட்கும் ஒரு குரலை நாம் மறத்தல் ஆகாது. கிறிஸ்டீன் மில்லர் என்னும் பெண்மணி எழுந்து, வேறு நாட்டுக்குச் செல்ல வழியில்லையா என்று வினவினார். குழந்தைகள் வாழத்தக்கவர்கள் என்று வாதாடினார். தம் முடிவைத் தாமே கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றார். அவரை அடக்கியது ஜோன்ஸின் குரல் மட்டுமன்று. அவரோடு உண்டு உறங்கி வாழ்ந்த சபையாரே கூச்சலிட்டு அவரை அமர்த்தினர். அவரும் அன்று மாண்டவருள் ஒருவர். அவரோடு இன்னும் பத்துப் பேர் எழுந்து நின்றிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை யாராலும் சொல்ல இயலாது. ஆனால் ஒருவரும் எழவில்லை.

4. ஒரு குரலின் வலிமை

இதற்கு இருபது ஆண்டுகட்கு முன்பே, 1950-களில், சாலமன் ஆஷ் என்னும் மனநூற் புலவர் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான கோடு வேறு மூன்றனுள் எது என்று கேட்பதே சோதனை. கூட்டத்தில் ஒருவர் நீங்கலாக மற்றையோர் எல்லாரும் முன்னேற்பாட்டின்படி பிழையான விடையே கூறினர். கண்ணெதிரே உண்மை தோன்றியும், அத்தனி மாணவர் கூறிய விடைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப் பிழையாயின. ஆனால் வேறொருவரும் உண்மையே கூறும்படி ஏற்பாடு செய்தபோது, அப்பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. துணை ஒன்றே போதியதாயிற்று. அடக்கியாளும் கூட்டங்கள் முதல் வினாவையே அஞ்சுவதன் காரணம் இதனால் விளங்கும். அவ்வினா தனித்து நில்லாது. மற்றொருவர் உள்ளத்தில் உறங்கும் வினாவை எழுப்பிவிடும்.

ராபர்ட் லிஃப்டன் என்னும் மனநல மருத்துவர், சீன தேசத்திற் சிந்தனைச் சீர்திருத்தம் என்னும் பெயரால் வற்புறுத்தப்பட்டு வெளிவந்த 40 பேரை ஹாங்காங்கிற் கண்டு விசாரித்து, 1961-இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்திப் போக்கை அடைத்தல், குற்ற அறிக்கையைக் கட்டாயமாக்குதல், சிந்தனையை நிறுத்தும் குழூஉச் சொற்களைப் புகுத்துதல், ஒருவர் தம் அனுபவத்தினும் கொள்கையே மெய் என்று கொள்ளச் செய்தல் முதலிய எட்டு அடையாளங்களை அவர் வகுத்தார். அவர் ஆராய்ந்தது சமயத்தை அன்று, அரசியலை. ஆகவே இந்நோய் சமயத்துக்கு மட்டும் உரியதென்று கொள்ளற்க. எந்தக் கொடியின் கீழும் இது வரும்.

5. மாணவர் கேட்கவேண்டியவை

ஒரு தடை எழக்கூடும். கீழ்ப்படிதல் எல்லாச் சமயத்திற்கும் பொதுவன்றோ? குருவை வினவிக்கொண்டே இருப்பவன் எதனைக் கற்பான்? இது தக்க வினாவே. நோன்பும் ஒழுங்கும் தியாகமும் அடிமைத்தனமாகா. துறவி ஒருவர் தாமே அறிந்து ஏற்ற விரதம் அவர் உரிமையின் கனியாகும். வேறுபாடு எங்கே உள்ளதெனின், கீழ்ப்படியும் அளவில் அன்று, வெளியேறும் வாயிலில் உள்ளது. ஆதலின் எந்தக் கூட்டத்திற் சேருமுன்னும் இவ்வைந்தையும் கேட்டறிக. தலைவரின் பிழையை அவர் முன்னிலையிற் கூற இயலுமா? பணத்தின் கணக்கு அங்கத்தினர்க்குக் காட்டப்படுகின்றதா? வேறு நூலை வாசித்தற்கும் வேறு மனிதரோடு பழகுதற்கும் தடையுண்டா? பெற்றோரும் நண்பரும் பகைவராகச் சித்திரிக்கப்படுகின்றனரா? விலகியவரைப் பற்றி எவ்வாறு பேசுகின்றனர்? இவ்வைந்தனுள் கடைசியே சிறந்த உரைகல். விலகியோர் எல்லாரும் துரோகிகள் என்று சொல்லப்படும் இடத்தில், உள்ளிருப்போர் எல்லாரும் கைதிகள் என்று அறிக.

இனி, நம் நண்பரோ உறவினரோ அத்தகைய கூட்டத்திற் சிக்கியிருப்பின் நாம் செய்யவேண்டுவது யாது? நகைத்தல் வேண்டா, சினந்து உறவை அறுத்தலும் வேண்டா. வெளியுலகம் தம்மை வெறுக்கின்றது என்னும் அக்கூட்டத்தின் போதனையை அஃது உறுதிப்படுத்தும். கடிதம் எழுதுக, விழாவுக்கு அழைக்க, உணவும் உறைவிடமும் எந்நாளும் உண்டென்பதை அவர் அறியச் செய்க. மீள நினைப்பவனுக்கு முதலில் வேண்டுவது தருக்கம் அன்று, திறந்த கதவு.

வினாவைத் தாங்கமாட்டாத விசுவாசம் விசுவாசமாகாது, அஃது அச்சமே. பொன்னை உரைத்துப் பார்ப்பதனாற் பொன்னுக்கு இழிவில்லை. உரைகல்லை ஒளித்து வைப்பவனிடத்திலேயே நாம் ஐயங் கொள்ளவேண்டும். கல்லூரியிற் பயிலும் நாம் கணிதத்திலும் இயற்கை நூலிலும் காரணங் கேட்டுக் கற்கின்றோம். வாழ்வனைத்தையும் ஒப்படைக்கும் காரியத்தில் மட்டும் காரணங் கேளாதிருத்தல் தகுமோ? ஒருவர் எழுந்து வினவும்போது அவரை அமர்த்தும் கூச்சலில் நம் குரல் கலவாதிருக்கக் கடவது. கூடுமாயின், அவர் அருகே எழுந்து நிற்கும் இரண்டாவது மனிதராக நாம் இருப்போமாக.